மிதிலைத் தெருவும் தில்லை எல்லையும்

பைரவிக்கும் மாஞ்சிக்கும் பகை இல்லை. எல்லைத் தகராறு மட்டும் உண்டு. கச்சேரி கேட்டுப் பழகிய காதுகூட முதல் சில பிடிகளில் தடுமாறிப்போகும். பைரவி பெரிய ராகம். ஆலாபனை, நிரவல், ஸ்வரம் என்று எவ்வளவு விரித்தாலும் தாங்கும். மாஞ்சி ஏறக்குறைய அதே ஸ்வரங்களை வைத்துக்கொண்டு நகர மறுக்கிற ராகம். இழுத்து, தயங்கி, குரலைத் தாழ்த்தித்தான் பாட வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் பைரவிக்குள் போய் விழுந்துவிடும்.

இந்த இரண்டு ராகங்களிலும் தமிழில் ஒவ்வொரு கேள்விப் பாட்டு நிலைத்துவிட்டது. பைரவியில் 'யாரோ இவர் யாரோ', மாஞ்சியில் 'வருகலாமோ'. முன்னது அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையைச் சேர்ந்தது. பின்னது கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைச் சேர்ந்தது. முன்னதில் மிதிலைத் தெருவில் நின்று கன்னிமாடத்தை அண்ணாந்து பார்த்து ராமன் கேட்கிறான். பின்னதில் தில்லையின் எல்லையில் நின்றுகொண்டு நந்தன் கேட்கிறான். இருவருக்கும் எதிரே எட்டாத உயரத்தில் ஒன்று இருக்கிறது. ராமனை யாரும் தடுக்கப்போவதில்லை என்பது கேட்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். நந்தன் விஷயம் அப்படி இல்லை.

கதையைப் பாட்டாக்குவது தமிழில் புதிய வேலை அல்ல. ஆனால் முழு நீளக் கதையைக் கீர்த்தனைகளாகக் கட்டி, அந்தக் கீர்த்தனைகள் கதையை விட்டு வெளியே வந்து கச்சேரி மேடையிலும் நிலைத்தன என்றால், முதலில் வாயில் வரும் பெயர்கள் இந்த இரண்டும்தான். இரண்டும் பழைய தஞ்சைச் சீமையில், காவிரி கடலைத் தொடும் பக்கத்தில் பிறந்தவை. நடுவே ஏறக்குறைய நூறு ஆண்டு இடைவெளி. கவிராயரின் காலம் 1711 முதல் 1779 வரை. பாரதியார் 1896இல் மறைந்தவர். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் படுவது இது: கவிராயர் விடை தெரிந்த கேள்விகளுக்கு இசையமைத்தார், பாரதியார், விடை சொல்ல வேண்டியவர்களைச் சபையில் உட்காரவைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். இரண்டு இசையும் வேறு வேறாகப் போனதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

தில்லையாடியில் பிறந்த கவிராயர் தருமபுரம் ஆதீனத்தில் தமிழும் வடமொழியும் கற்றவர். துறவு வேண்டாம் என்று இல்லறத்துக்கு வந்து, காசுக்கடை வைத்துப் பிழைத்தவர். பிறகு சீகாழியில் குடியேறினார். ஊறிய சைவர், சீகாழித் தலபுராணம் பாடியவர். அப்படிப்பட்டவர் அறுபது வயதை ஒட்டி ராமன் கதையைக் கையில் எடுத்தார். சட்டநாதபுரத்தைச் சேர்ந்த வெங்கடராமையர், கோதண்டராமையர் என்ற இரண்டு மாணவர்கள் மெட்டமைப்பில் துணை நின்றார்கள்.

ராமன் கதைக்குப் பாட்டுத் தேவையே இல்லை என்று சொல்லலாம். கூத்தாகவும் தோல்பாவையாகவும் கம்பராமாயணப் பிரசங்கமாகவும் அது ஏற்கெனவே ஊர்தோறும் நடந்துகொண்டிருந்தது. அதில் புதிதாகச் சேர்க்க ஒன்றும் இல்லை என்பது கவிராயருக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவர் கதையில் கைவைக்கவில்லை. கம்பன் போட்ட பாதையிலேயே காண்டம் காண்டமாக நடந்தார். கம்பனின் கவிக்கூற்றை விருத்தத்திலும் கொச்சகத்திலும் சுருக்கிச் சொல்லிவிட்டு, பாத்திரம் வாய் திறக்கும் இடம் வந்ததும் தரு என்ற இசைப்பாட்டுக்கு மாறினார். கதை ஓடும் இடத்தில் செய்யுள், ஒருவர் நின்று பேசும் இடத்தில் இசை. இந்தப் பங்கீட்டை அவர் பிடித்ததுதான் சாமர்த்தியம். பேச்சு என்றால் வீட்டுப் பேச்சு. கம்பன் தமிழைக் கேட்டு மிரளக்கூடியவர்களும் இராம நாடகத்தைக் கேட்டால் சிரிப்பார்கள், கலங்குவார்கள்.

'யாரோ' பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். வால்மீகியில் வில் ஒடிக்கப்படும் முன்பு ராமனும் சீதையும் பார்த்துக்கொள்வதில்லை. அந்தச் சந்திப்பைக் கொண்டுவந்தவன் கம்பன். தெருவில் போகிறவனும் மாடத்தில் நிற்கிறவளும் ஒரு நொடி பார்த்துக்கொள்கிறார்கள். அன்று இரவு முழுக்க இருவருக்கும் தூக்கம் இல்லை. கம்பனின் காட்சி கண்களோடு முடிந்துவிடுகிறது. கவிராயர் அதற்கு அடுத்த நொடியைப் பிடித்து, ராமன் வாயில் ஒரு கேள்வியை வைக்கிறார். பெயர் தெரியாத ஒருத்தியைப் பற்றிய கேள்வி. சபையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் அவள் பெயர் தெரியும். தெரியாதவன் ராமன் ஒருவன்தான். அவன் மனிதனாகப் பிறந்து தன்னை மறந்திருக்கும் கடவுள் என்பதும் சபைக்குத் தெரியும் என்பதால், தன் துணைவியையே யார் என்று கேட்கும் அந்த அறியாமையில் ஒரு தனி ருசி வந்துவிடுகிறது.

இங்கே ஒரு வேடிக்கை. பல்லவியை மட்டும் கேட்டால் பாடுவது ஆணா பெண்ணா என்று தெரியாது. சரணத்துக்குப் போனால்தான் வருணிக்கப்படுகிறவள் பெண் என்பது வெளிச்சமாகும். சீதை பாடுவதாகவே இதை எண்ணிக்கொண்டிருக்கும் ரசிகர்கள் ஏராளம். அப்படியே அபிநயம் பிடிக்கும் நடனக்காரர்களும் உண்டு. பாட்டு அதற்காக உடைந்துபோகவில்லை. சாவேரியில் அமைந்திருந்த இந்தப் பாட்டை இருபதாம் நூற்றாண்டில் பைரவிக்கு மாற்றினார்கள். அதற்கும் உடையவில்லை. கதை அவ்வளவு உறுதியாக வெளியே நிற்பதால், பாட்டை எந்த ராகத்தில் பாடினாலும், யார் வாயில் வைத்தாலும் பரவாயில்லை. இராம நாடகப் பாட்டுகள் பல இப்படி வர்ணமெட்டு மாறி மேடையேறியவை. இன்று கேட்பவர்கள் அந்த மாற்றத்தையே அறியாமல் ரசிக்கிறார்கள்.

கவிராயருக்குக் கூரிய கேள்வி கேட்கத் தெரியாது என்று சொல்ல வரவில்லை. உசேனி ராகத்தில் 'எப்படி மனம் துணிந்ததோ' என்று சீதை ராமனைக் கேட்கிறாள். காட்டுக்குப் போய்வருகிறேன், நீ இங்கேயே இரு என்றவனைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. கம்பனின் சீதை, உன் பிரிவைவிடவா அந்தக் காடு சுடும் என்ற பொருளில் ஒரே வீச்சில் கேட்டு ராமனை வாயடைக்கச் செய்வாள். கவிராயரின் சீதை அப்படி வெட்டிப் பேசுவதில்லை. கட்டிய கணவனிடம் நியாயம் கேட்கும் பெண்ணாகக் குறைப்படுகிறாள். உசேனி அழுகைக்கும் சினத்துக்கும் நடுவே நிற்கக்கூடிய ராகம் என்பதால் பாட்டு நெஞ்சைப் பிசைகிறது. என் கணக்கில் இராம நாடகத்தின் சிகரம் இதுதான், 'யாரோ' அடுத்தபடிதான். என்றாலும் இங்கேயும் விடை நமக்குத் தெரியும். அவள் கூடப் போவாள். அடுத்த விருத்தத்தில் மரவுரி தயாராக இருக்கும். கேள்வியின் வலி சில நிமிடங்களுக்குள் கதைக்குள் கரைந்துவிடும்.

நந்தன் கதையில் இந்த வசதி பாரதியாருக்கு இல்லை. அவர் கைக்கு வந்தது மிகச் சிறிய கதை. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் என்று நந்தனின் பெயரை மட்டும் சொன்னார். நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டில் முடித்தார். சேக்கிழார் பெரியபுராணத்தில் நாற்பதுக்கும் குறைவான பாடல்களில் விரித்தார். அந்தப் பாடல்களில் ஓர் இடம் இசைக்காரர்கள் கவனிக்க வேண்டியது. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தன் கோயில்களுக்கு என்ன தொண்டு செய்தார் என்று சேக்கிழார் பட்டியல் தருகிறார்: பேரிகை போன்ற கருவிகளுக்குப் போர்க்கும் தோல், இழுத்துக் கட்டும் வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. கோயிலுக்குள் முழங்கும் இசையில் பாதி அவர் கொடுத்தது. அந்தத் தோல் உள்ளே போகும், நரம்பு போகும். அவர் வெளியே நிற்பார். மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020இல் புத்தகம் எழுதியபோது எழுந்த சர்ச்சையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டியல் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சங்கதியாகத் தோன்றாது.

சேக்கிழாரின் நந்தனை யாரும் தடுப்பதில்லை. தில்லைக்குப் போக ஆசை; தன் பிறப்பை நினைத்ததும் தயக்கம். நாளைக்குப் போவேன் என்று தனக்குத் தானே சொல்லிச் சொல்லி நாள் தள்ளுகிறார். தடை மனத்துக்குள் இருக்கிறது. பாரதியார் செய்தது அந்தத் தடையை வெளியே இழுத்துப் போட்டது. பெரியபுராணத்தில் இல்லாத ஒரு வேதியரை அவர் படைத்தார். வேதியர் நந்தனின் ஆண்டை, நிலக்காரர். நந்தன் நாளைக்குப் போவேன் என்பது இனிமேல் மனத்தயக்கம் அல்ல. லீவு கிடைக்காத பண்ணையாளின் பேச்சு. நாற்பது வேலி நிலத்தில் நடவு முதல் அறுவடை வரை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். சிவகணங்கள் ஒரே இரவில் அதை முடித்துக் கொடுக்கின்றன. வேதியர் திகைத்து நந்தனின் காலில் விழுகிறார்.

இந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பாரதியார் நாகைப் பக்கத்து நரிமணத்தில் பிறந்தவர். முடிகொண்டானிலும் மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்தவர். மிராசுதார்களின் திண்ணையில் உட்கார்ந்து பாடியவர், அந்தணர், மணம் செய்துகொள்ளாமல் வேதாந்தம் படித்தவர். அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று 1843லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வயலில் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். அதைத் தினமும் பார்த்த ஒருவர், ஆண்டையைத் தம் சாதிக்காரராகவே படைத்தார். துணிச்சல்தான். முழுத் துணிச்சலா என்று கேட்டால் எனக்குத் தயக்கம் உண்டு. வேலை முடிந்த பிறகுதான் வேதியர் விடுகிறார். அவருக்கு ஒரு மரக்கால் நெல்லும் நஷ்டமில்லை. தில்லைக்குப் போன நந்தன் சேக்கிழாரில் போலவே நெருப்பில் இறங்கி முனிவராக வெளிவந்த பிறகுதான் உள்ளே நுழைகிறார். அந்த நெருப்பை மட்டும் பாரதியார் தொடவில்லை. அதைப் பிற்காலத்தவர்கள் சும்மா விடவில்லை; புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' எழுதியதும் அந்த வழியில்தான்.

ஆனால் இசைக்கு வேதியர் கொடுத்தது பெரிது. எதிரில் ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றால்தான் கெஞ்சுகிறவன் குரல் மாறும். நந்தனார் சரித்திரத்தில் கீர்த்தனை மட்டும் இல்லை. நொண்டிச் சிந்து, கண்ணி, லாவணி, தண்டகம், இருசொல் அலங்காரம் எல்லாம் உண்டு. பாரதியார் இந்துஸ்தானி இசையும் கற்றவர். தஞ்சை மராத்தியர் வழியாக வந்த மெட்டுகளும் வயல்காட்டு மெட்டுகளும் சபை ராகங்களோடு தோள் உரசி நிற்கின்றன. வேதியர் அதட்டும்போது ஒரு நடை, சேரிப் பெரியவர்கள் நந்தனுக்குப் புத்தி சொல்லும்போது வேறொரு நடை. இராம நாடகத்தில் அயோத்தியும் மிதிலையும் இலங்கையும் ஏறக்குறைய ஒரே சங்கீதம் பேசும். இங்கே ஆளுக்கு ஒரு சங்கீதம். பிற்பாடு தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றவர்கள் கதாகாலட்சேபத்தை வளர்த்தபோது இந்தச் சரித்திரம் அவர்களுக்குக் கைகண்ட சரக்கானது அதனால்தான்.

திருப்புன்கூர்க் காட்சியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சந்நிதிக்கு நேரே நந்தி மறைக்கிறது. வெளியே நிற்கும் நந்தனுக்குச் சிவலிங்கம் தெரியவில்லை. சேக்கிழாரில் இறைவன் நந்தியை விலகச் செய்கிறான், நடந்துவிடுகிறது. இன்றைக்கும் அந்தக் கோயிலில் நந்தி ஒதுங்கித்தான் இருக்கிறது. பாரதியார் அதே இடத்தை இரண்டு பாட்டாக்குகிறார். நாட்டைக்குறிஞ்சியில் 'வழிமறைத்திருக்குதே' என்று நந்தன் முறையிடுகிறார். பூர்விகல்யாணியில் இறைவன் நந்தியிடம் சற்றே விலகச் சொல்கிறான். சாதி வழக்கத்தைக் கடவுள் உடைக்கும் இடம் இது. உடைக்கும் தொனியோ, அடுத்தவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வதுபோல் அவ்வளவு மரியாதையாக இருக்கிறது. நந்தி நகர்கிறது, மதில் நகரவில்லை. நந்தன் வெளியே நின்றபடியேதான் கும்பிடுகிறார். பாரதியாரின் சாமர்த்தியமும் எல்லையும் இந்த ஒரு காட்சியிலேயே தெரிந்துவிடுகின்றன.

இப்போது 'வருகலாமோ'வுக்கு வருவோம். இதை ராகம் மாற்றிப் பாடிப் பாருங்கள். மோகனத்தில் பாடினால் விருந்தாளி வாசலில் நிற்பதுபோல் ஆகிவிடும். பைரவியில் பாடினால்கூடக் கேட்பவனுக்கு உரிமை வந்துவிடும். அனுமதி கேட்கவே பயப்படுகிறவன் குரல் மாஞ்சியில்தான் வருகிறது. தடுக்கும் ஆளை எடுத்துவிட்டால் பாட்டுக்குப் பொருளே இல்லை. இராம நாடகப் பாட்டுகள் கதையின்றி வாழ்வதும், நந்தன் பாட்டுகள் கதையைத் தூக்கிக்கொண்டே போவதும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

இரண்டு ஆசிரியர்களும் வாசலில் காத்திருந்தவர்கள் என்பது இன்னொரு சுவையான ஒற்றுமை. கவிராயர் திருவரங்கத்தில் அரங்கேற்ற விரும்பினார். கோயிலார் உடனே இசையவில்லை என்றும், அரங்கனையே பார்த்து, ஏன் படுத்திருக்கிறீர் என்று மோகனத்தில் பாடிய பிறகுதான் வழி பிறந்தது என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். தாடகையைக் கொன்ற அலுப்பா, வில்லை ஒடித்த அலுப்பா என்று ராமாயணம் முழுவதையும் உடம்பு அசதியாக்கிவிட்ட குறும்புப் பாட்டு அது. பிறகு சென்னையில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் கனகாபிஷேகமே செய்தார்.

பாரதியார் காத்திருந்தது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் திண்ணையில். நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டும். இலக்கணப் பிழை மலிந்த நூலுக்குப் பாயிரம் கொடுக்கப் பிள்ளைக்கு மனமில்லை, நாள் கடத்தினார். ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து பாரதியார் தம் பாட்டை மெல்லப் பாடிக்கொண்டிருக்க, உள்ளே இருந்த பிள்ளை உருகிப்போய்ப் பாயிரம் எழுதித் தந்தார். இதைச் சொல்பவர் உ.வே.சாமிநாதையர். பிள்ளையிடம் தமிழும் பாரதியாரிடம் சில காலம் சங்கீதமும் படித்தவர், ஆகவே இரண்டு பக்கமும் தெரிந்தவர். காரைக்காலில் இருந்த சிஸே என்ற பிரெஞ்சு அதிகாரி நூல் அச்சேற உதவினார் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். பிழை திருத்திய நந்தன் சரித்திரத்தை யாராவது கேட்டிருப்பார்களா என்பது என் சந்தேகம். அந்தப் பிழைகளில் பாதி, ஊர் மக்கள் பேசும் தமிழ்.

இரண்டின் பிற்கால வாழ்வும் ஒன்றல்ல. இராம நாடகம் கச்சேரிக்கும் நடனத்துக்கும் போய், மதிப்பான இடத்தில் உட்கார்ந்தது. நந்தன் தெருவுக்கும் போனான். சுப்பிரமணிய பாரதி சுதேசிப் பாட்டு எழுதியபோது நந்தனார் சரித்திர மெட்டுகளை எடுத்தார். வேதியர் நந்தன்மேல் சீறும் பாட்டு ஒன்று உண்டு. மார்கழித் திருநாள் உனக்கு எதற்கு என்று கேட்பது. அந்த மெட்டில், சுயராஜ்யம் கேட்கும் இந்தியனைப் பார்த்து ஆங்கிலேய அதிகாரி பேசுவதுபோல் ஒரு பாட்டு எழுதினார். மெட்டைக் கேட்டதுமே சபை அதிகாரியை வேதியராகப் பார்த்திருக்கும். சுதேசி பேசிய மேல்சாதிக்காரர் திடீரென்று நந்தன் இடத்தில் நின்றிருப்பார். மெட்டை மட்டும் வைத்து இப்படி ஆள் மாற்றுவதற்கு, கேட்பவர் காதில் கதை ஏற்கெனவே ஒட்டியிருக்க வேண்டும். இராம நாடக மெட்டு ஒன்றில் இந்த வேலையைச் செய்ய முடிந்திருக்காது.

சினிமாவும் வேதியரை விடவில்லை. 1935இல் வந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள், ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்று ஊரே பேசியது. வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர், கச்சேரி மேடையின் முதல் வரிசை வித்துவான். 1942இல் ஜெமினி எடுத்தபோது நந்தன் எம். எம். தண்டபாணி தேசிகர், வேதியர் செருகளத்தூர் சாமா. இரண்டு படங்களுக்கும் நடுவே 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆலயப் பிரவேசம் நடந்தது.

இன்றைய கச்சேரியில் 'வருகலாமோ' வருகிறது, 'வழிமறைத்திருக்குதே' வருகிறது. வேதியரின் பாட்டுகள் அநேகமாக வருவதில்லை. காரணம் நியாயமானது: அவற்றில் சாதி இழிசொல் இருக்கிறது, அதை ராகம் போட்டுப் பாடிக் கைதட்டல் வாங்குவது அசிங்கம். ஆனால் வேதியரை நீக்கியதும், பாரதியார் வெளியே இழுத்துப் போட்ட தடை மறுபடி நந்தன் மனத்துக்குள் போய்விடுகிறது. சபாவில் உட்கார்ந்து கேட்பவருக்கு அது ஒரு பக்தனின் பணிவு, மாஞ்சியின் அழகு. ஏன் இவன் கேட்டுத்தான் வர வேண்டும் என்று யோசிக்க அவருக்கு இடமில்லை. பாட்டுக்கு முன்னால் நாற்பது வேலி நிலத்தைப் பற்றி இரண்டு வாக்கியமாவது பாடகர் சொல்லலாம். சேக்கிழாரின் தோல், வார்ப் பட்டியலை விருத்தமாகப் பாடிவிட்டு மாஞ்சிக்குள் நுழையலாம். பக்கத்தில் மிருதங்கம் இருக்கத்தானே செய்கிறது. கதாகாலட்சேபம் செய்பவர்களுக்கு இன்னும் வசதி உண்டு. வேதியரை இழிசொல் இல்லாமலும் அவர்களால் பேசவைக்க முடியும். 'யாரோ'வுக்கு இப்படி எந்த முன்னுரையும் வேண்டியதில்லை. அவள் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.